சொக்கம்மாள் வழி வந்தது

வியாசர்பாடி
12 ஆகஸ்ட் 2024

சம்பந்தியம்மா தங்கபுஷ்பம் அவர்களுக்கு, கிருஷ்ணப்பன் சொல்லப் பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள் எழுதுவது.

மெட்ராஸ் என்கிற பேர் போய்ச் சென்னை என்று ஆனதே, அதற்கு மறுவருஷம் பிறந்தவள் என் மகள் செங்கொடி. கடைப் பலகைகளில் பாதி பழைய பேரிலும் பாதி புதுப் பேரிலும் இருந்த காலம். ஹார்பரில் ஒரு கிரேக்கக் கப்பல் ஏதோ வழக்கில் மாட்டி மாதக்கணக்கில் நகராமல் நின்றதும் அந்த வருஷம்தான். அதன் வயிற்றுக்குள் இறங்கி நாங்கள் துரு தட்டிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒருத்தன் குனிந்து, "கிருஷ்ணா, பொண்ணு!" என்று கத்தினான். அப்போது எனக்குக் காது கேட்டது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வருஷம் என்ன நடந்தது என்று கேளுங்கள், மழையோடும் கப்பலோடும் சேர்த்துச் சொல்வேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், "நோயை மறைத்துப் பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டான் கிழவன்" என்று நீங்கள் சொன்னதாக என் காதுக்கு வந்தது. நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. மறைக்கிற ஆளும் இல்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வேன்?

வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டு வாசலிலிருந்து ஆட்டோ வந்தது. ஐந்து மாத வயிற்றோடு செங்கொடி இறங்கினாள். ஒரு பெட்டி, ஒரு துணிப்பை. பையைப் பிரித்தால் தட்டு, டம்ளர், கரண்டி. எல்லாம் பேப்பரில் சுற்றியிருந்தது.

"இன்னாடி இது?" என்றேன்.

"நா துன்ற தட்டு நைனா. ரத்தத்துல மஞ்சக் காமால கிருமி கீதுன்னு டெஸ்ட்டுல வந்துச்சு. அத்த ஒண்ணும் திட்டல. தட்ட மட்டும் தனியா வெச்சுது. அப்பால ஆட்டோவ வரச் சொல்லிச்சு."

தனி டம்ளர் எங்கள் ஜனத்துக்குப் புதிதில்லை அம்மா. என் அப்பன் டீக்கடைக்கு வெளியே நின்று குடித்த டம்ளரை நான் பார்த்திருக்கிறேன், அது மாட்டியிருந்த ஆணிகூட ஞாபகம் இருக்கிறது. நீங்கள் அந்த எண்ணத்தில் செய்யவில்லை, நோய்க்குப் பயந்து செய்தீர்கள் என்று என் மகளே உங்களுக்காக வாதாடுகிறாள். அப்படியே இருக்கட்டும்.

போனில் பேசலாம்தான். எதிரே நின்று கத்தினாலே எனக்குப் பாதிதான் கேட்கும். அதனால் கடிதம். உங்கள் மகன் ஜெயவேல் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத் தெரியாமல் இங்கே வருகிறான். இப்போது தெரிந்துவிட்டது. அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவனைத் திட்டாதீர்கள்.

எனக்கு ஒரு கவலைதான். பிறக்கிற பிள்ளைக்கு இது ஒட்டக் கூடாது. செங்கொடியை நீங்கள் திரும்ப அழைப்பீர்களா மாட்டீர்களா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

கிருஷ்ணப்பன்


வண்ணாரப்பேட்டை
19 ஆகஸ்ட் 2024

கிருஷ்ணப்பன் அவர்களுக்கு, தங்கபுஷ்பம் எழுதியது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. லாரி ஆபீசுக்குச் சரக்கு வரவில்லை என்று எழுதுவதோடு சரி. அந்த மாதிரிதான் இதுவும் வரும்.

நான் யாரையும் துரத்தவில்லை. என் மகள் ராமசெல்வியும் இந்த வீட்டில்தான் இருக்கிறாள். அவள் மகனுக்கு இரண்டு வயது. யார் தட்டு என்று பார்க்காமல் எல்லோர் சோற்றிலும் கையை வைப்பான், எல்லோர் தண்ணீரையும் குடிப்பான். அவனுக்கு ஏதாவது வந்தால் ராமசெல்வியின் மாமியாருக்கு நான் என்ன பதில் சொல்ல? தகப்பன் இல்லாத வீடு. என் வீட்டுக்காரர் சண்முகவேல் இருந்தால் அவர் முடிவெடுத்திருப்பார், ஊர் அவரைப் பேசியிருக்கும். இப்போது என்னைப் பேசுகிறது.

ஜெயவேல் எங்களை எதிர்த்துத்தான் உங்கள் பெண்ணைக் கட்டினான். கட்டிய பிறகு நான் ஒரு குறை வைத்தேனா, அவளிடமே கேளுங்கள். கடையில் நைட்டி பண்டலுக்குக் கணக்குப் பார்ப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. இப்போது அவள் உட்கார்ந்த இடத்தில் யாரையும் உட்கார விடமாட்டேன் என்கிறான் அவன். காலையில் சாப்பிடாமல் போகிறான். நான் சாப்பிட்டேனா என்று யாரும் கேட்பதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கேட்கக் கூடாததுதான். உங்கள் சம்சாரம் ஈரல் கெட்டு, வயிறு வீங்கி இறந்தார் என்று இங்கே சொல்கிறார்கள். அந்தம்மாவுக்குக் குடிப்பழக்கம் உண்டு என்றும் சொல்கிறார்கள். இது குடியால் வந்ததா? அப்படியென்றால் அதை நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

ஜெயவேல் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறான். முடிவு வரும்வரை எனக்குத் தூக்கமில்லை.

தங்கபுஷ்பம்


வியாசர்பாடி
8 செப்டம்பர் 2024

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சிலுவையம்மாள் என் காதில் வாயை வைத்துக் கத்தித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. "குடிப்பழக்கம் உண்டு" என்கிற இடத்தில் மூன்றாம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "யாருக்கா அது, சொக்காக்காவ குடிகாரின்றது? குடுக்கா அந்தக் கட்தாசிய!" என்று கீழேயே இறங்கி வந்துவிட்டாள். இனி இந்தக் கட்டடத்தில் நம் சங்கதி தெரியாதவர்கள் இல்லை. மன்னிக்க வேண்டும். செவிடனுக்கு ரகசியம் கிடையாது.

என் சம்சாரம் சொக்கம்மாள் செத்தது சுனாமிக்கு மறுவருஷம், ஊரே வெள்ளத்தில் கிடந்த ஐப்பசியில். முதலில் கால் வீங்கியது. அப்புறம் வயிறு. கண் மஞ்சளாகி, கை குச்சியாகி, வயிறு மட்டும் நிறைமாதக்காரி போல. ஆஸ்பத்திரியில் ஈரல் போய்விட்டது என்றார்கள். ஈரல் போய்விட்டது என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். நானோ ஹார்பர் ஆள். நான் குடிப்பேன், எல்லோருக்கும் தெரியும். குடித்தவன் குத்துக்கல் போல நிற்க, வாயில் வெற்றிலையைத் தவிர வேறொன்றும் வைக்காதவள் ஈரல் கெட்டுச் செத்தால் ஜனம் என்ன சொல்லும்? ஒளித்துவைத்துக் குடித்தாள் என்றது. வாசனையை மறைக்கத்தான் வெற்றிலை என்றது. செங்கொடிக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் அவளை 'குவார்ட்டர் பொண்ணு' என்று கூப்பிட்டார்கள்.

போன வாரம் டாக்டரம்மாவைப் பார்த்தோம். என் சம்சாரம் எப்படிப் போனாள் என்று கேட்டார். சொன்னேன்.

"குடிப்பாங்களா?"

"தொட்டதில்ல மேடம்."

அவர் என் காதுப் பக்கம் வந்து நின்று கத்தினார். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் திரும்பினார்கள். "அப்போ அவங்களுக்கும் இதே கிருமிதான் இருந்திருக்கும் தாத்தா! பிரசவத்துல அம்மா ரத்தத்துலருந்து குழந்தைக்குப் போயிருக்கு. வருஷக்கணக்கா வெளிய ஒண்ணுமே தெரியாது. உள்ளயே இருந்து ஈரல அரிக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. செங்கொடி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாத்துக்கு நைனா அழுவுற? எனக்கு ஒண்ணும் ஆவாது."

"உங்கம்மா குடிக்கலடி."

"அது எனக்குத் தெரியாதா?"

மகளுக்கு நோய் என்கிறார்கள், கிழவன் முகத்தில் சந்தோஷம் தெரிகிறதே என்று நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உங்களுக்காவது புரியும் என்று எழுதச் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செங்கொடி ரத்தத்தில் கிருமி அதிகமாம். ஏழாம் மாதத்திலிருந்து தினம் ஒரு மாத்திரை. அது கிருமியை அடக்கி வைக்கும். பிள்ளை பிறந்ததும் அரை நாளைக்குள் இரண்டு ஊசி. இந்தத் தொடையில் ஒன்று, அந்தத் தொடையில் ஒன்று. அப்புறம் ஒன்றரை மாதத்திலிருந்து மற்றத் தடுப்பூசிகள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் பெரும்பாலும் பிள்ளை தப்பித்துவிடும் என்றார். தாய்ப்பால் கொடுக்கலாம். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, ஒரே டம்ளரில் குடித்தால் ஒட்டாது. இதை உங்களுக்கு எழுதச் சொன்னது டாக்டரம்மா, நான் இல்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் ரத்தம் பார்த்துத் தடுப்பூசி போட்டுக்கொண்டால் பயமே வேண்டாமாம்.

அக்டோபரில் அவளுக்கு ஏழாம் மாதம். வளையல் போடுவதற்கு இங்கே தாய் இல்லை. கட்டடத்துப் பெண்களே போடுகிறோம் என்கிறார்கள். உங்களைக் கூப்பிடச் சொல்லிச் செங்கொடி சொல்லவில்லை. நான் கூப்பிடுகிறேன்.

கிருஷ்ணப்பன்


வண்ணாரப்பேட்டை
25 அக்டோபர் 2024

அண்ணாச்சிக்கு, மூன்றாம் மாடியில் துணி காயப்போடுகிற அம்மாவுக்கும் சேர்த்து எழுதுவது.

உங்கள் சம்சாரத்தைப் பற்றி நான் கேட்டது தப்பு. இதைச் சத்தமாகவே வாசிக்கச் சொல்லுங்கள்.

இங்கே எல்லோரும் ரத்தம் கொடுத்தோம். ஜெயவேலுக்கு இல்லை, ராமசெல்விக்கு இல்லை, பேரனுக்கு இல்லை, எனக்கும் இல்லை. தடுப்பூசியும் முதல் தவணை போட்டாயிற்று. ஊசி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. நான் நாற்காலியை விட்டு எழுந்து ஓடப் பார்த்தேன் என்று ராமசெல்வி கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாள்.

வளைகாப்புக்கு நான் வந்தேன். உங்கள் தெருமுனை வரை வந்தேன். தட்டில் பூவும் வளையலும் வைத்துக்கொண்டு ஆட்டோவில் இருந்தேன். உள்ளே பாட்டும் சிரிப்புமாகக் கேட்டது. நான் அனுப்பிவிட்ட பிள்ளைக்கு ஊரே கூடி வளையல் போடுகிறது, எந்த முகத்தோடு நடுவில் போய் நிற்க என்று திரும்பிவிட்டேன். அந்தப் பூவை என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டோக்காரருக்கே கொடுத்தேன். அவர் பெண்டாட்டிக்கு என்ன சொன்னாரோ.

காமாலை என்றால் எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று சொல்லிவிடுகிறேன். ஜெயவேலுக்கு முன்னால் எனக்கு ஒரு பையன் பிறந்தான். எட்டாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சளாகிப் போய்விட்டான். பெயர்கூட வைக்கவில்லை. ராமசெல்விக்கு இது தெரியாது. உங்கள் சிலுவையம்மாளிடம் இந்த இடத்தை மட்டும் மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தலைமுறையாகக் காமாலைக்கு மருந்து கொடுக்கிற குடும்பம் ஒன்று இருக்கிறது. அப்போது எனக்கு அவர்களைத் தெரியாமல் போயிற்று. இப்போது ஆள் விட்டுச் சொல்லி, நைட்டி சரக்கோடு சரக்காக லாரியில் வரவழைத்திருக்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் ஒரு சங்கு. உப்பும் எண்ணெயும் சேர்க்கக் கூடாது. முக்கியமாக, குடிக்கிற நாள் முழுக்க இங்கிலீஷ் மாத்திரை ஆகாது, ஒன்றை ஒன்று முறித்துவிடுமாம். இதோடு தீபாவளிக்கு ஆறு நைட்டி, பால் கொடுக்கத் தோதாக முன்பக்கம் ஜிப் வைத்தது. நானே நின்று தைக்க வைத்தேன். மாம்பழ நிறம் அவளுக்கு நன்றாக இருக்கும்.

தங்கபுஷ்பம்


வியாசர்பாடி
10 நவம்பர் 2024

சம்பந்தியம்மாவுக்கு,

மெதுவாக வாசிக்கச் சொன்ன இடத்தைச் சிலுவையம்மாள் மெதுவாகத்தான் வாசித்தாள். எனக்குக் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, சேலைத் தலைப்பை என் தலையோடு போட்டு மூடி இன்னொரு முறை வாசித்தாள். கேட்டேன். ஒருவருக்கும் தெரியாது.

மருந்து வந்தது. நல்ல கசப்பு, வாசனையே தொண்டையில் நிற்கிறது. செங்கொடி கொஞ்சம் தயங்கினாள்.

"நைனா, டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு குடிக்கிறேனே."

"உன் மாமியா மொத மொத உனக்குன்னு ஒண்ணு அனுப்பிக்கீது. அத எடுத்துப் போயி டாக்டர்கிட்ட காட்டி, வாணாம்னு அவங்க சொல்லி, நா திருப்பி அனுப்பவா? அந்தம்மா மனசு இன்னா ஆவும்?"

சரி என்று சங்கைக் கையில் வாங்கினாள். மாத்திரை டப்பாவை அலமாரி மேல் எடுத்து வைத்துவிட்டேன். தினம் காலையில் என் கையாலேயே சங்கில் ஊற்றிக் கொடுக்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறாள். உப்பில்லாத சோற்றைப் பார்த்தால்தான் முகம் சுருங்குகிறது.

மாம்பழ நிறத்தைத்தான் முதலில் உடுத்தினாள். ஜெயவேல் வந்தபோது, "எங்கம்மாவே பார்த்து எடுத்தாங்களா?" என்று இரண்டு முறை கேட்டான்.

கிருஷ்ணப்பன்


வியாசர்பாடி
27 நவம்பர் 2024

சம்பந்தியம்மாவுக்கு அவசரமாக,

ஜெயவேல் எல்லாம் சொல்லியிருப்பான். இருந்தாலும் நான் சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன்.

நாலு நாளாக வாந்தி. மசக்கை திரும்பி வந்ததோ என்று நினைத்தேன். திங்கட்கிழமை வெளிச்சத்தில் அவள் கண்ணைப் பார்த்தேன். அந்த மஞ்சளை நான் முன்னால் ஒரு முகத்தில் பார்த்திருக்கிறேன். ஆள் கூப்பிட்டுக் கத்தினேன். மூன்றாம் மாடிக்காரி புருஷன்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டான்.

டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு வந்தார். "நாட்டு மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"அது கிருமிய அமுக்கி வெச்சிருந்த மூடி தாத்தா! மூடியத் தூக்கிட்டு, மேல கண்டதையும் ஊத்தியிருக்கீங்க. ஈரல் தாங்குமா?"

உங்கள் பேரை நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். நீங்கள் அனுப்பியது பிள்ளை பிழைக்க வேண்டும் என்று. கேட்டுக் குடிக்கலாம் என்றவள் வாயை அடைத்துக் குடிக்க வைத்தது என் கை. நீங்கள் இதை நினைத்து அழுதுகொண்டு உட்கார்ந்தால் எனக்கு உதவி இல்லை. எனக்கு உங்களிடம் வேறு வேலை இருக்கிறது.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளை முன்கூட்டியே வந்துவிடலாம் என்கிறார்கள். வார்டுக்குள் துணைக்குப் பெண்களை மட்டும்தான் விடுவார்கள். சிலுவையம்மாளுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண், உள்ளே விடமாட்டார்கள். மூன்றாம் மாடிக்காரிக்குக் கைக்குழந்தை. பிரசவ வலி எடுக்கும்போது செங்கொடி கையைப் பிடிக்க ஆள் வேண்டும். பிறந்ததும் அந்த இரண்டு ஊசியும் போட்டாயிற்றா என்று கேட்க ஒரு வாய் வேண்டும். என் வாய் கேட் வரைக்கும்தான்.

வாங்கம்மா.

கிருஷ்ணப்பன்


ஆஸ்பத்திரி வார்டிலிருந்து
30 நவம்பர் 2024, காலை

அண்ணாச்சிக்கு,

கேட் பக்கத்து டீக்கடைக்காரர் இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார் என்று ஆயா சொன்னார். டீக்கடைக்காரரே, கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள், அவருக்குக் காது கேட்காது.

பெண் குழந்தை. சுகப்பிரசவம். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறாள், ஆனால் குரலைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

இரண்டு ஊசியும் போட்டாயிற்று. நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே நர்ஸ் தட்டோடு வந்து நின்றார். முதல் ஊசியை என் கண்ணால் பார்த்தேன். இரண்டாவதுக்குக் கண்ணை மூடிக்கொண்டேன், குழந்தை அழுததை வைத்துச் சொல்கிறேன். பிறகு நர்ஸிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மருந்து அனுப்பியது நான் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அந்தத் தாத்தா தன் மேல போட்டுக்கிட்டாரு, நீங்க உங்க மேல போட்டுக்கிறீங்க. பழிய அப்புறம் பங்கு போடலாம், மாத்திரைய யாரு ஒழுங்கா குடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். நான் என்றேன்.

செங்கொடிக்குக் கண் இன்னும் மஞ்சள்தான். நேற்றைக்கு இன்று குறைவு என்கிறார்கள். வலியில் என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் இரண்டு உடைந்தது. "அத்த, காயமா? ரத்தம் வந்துச்சா? தொடாதீங்க" என்று அந்த வலியிலும் கேட்கிறாள். "காயமும் இல்ல, ஒண்ணும் இல்ல, நீ மூச்ச அடக்கி முக்குட்டி" என்றேன். பிறகு கஞ்சி ஊட்டினேன். பாதிதான் குடித்தாள். மிச்சத்தை அதே டம்ளரில் நான் குடித்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

புயல் வருகிறது என்கிறார்கள். நீங்கள் மழையில் நிற்காமல் வீட்டுக்குப் போங்கள். போகமாட்டீர்கள் என்று தெரியும். ஜெயவேலிடம் குடை இருக்கிறது.

உங்கள் தங்கச்சி
தங்கபுஷ்பம்


வண்ணாரப்பேட்டை
21 மார்ச் 2025

அண்ணாச்சிக்கு,

பேத்தியை இங்கே கூட்டி வந்த நாளிலிருந்து நீங்கள் மதியச் சோற்றைச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சிலுவையம்மாள் ஜெயவேலிடம் கோள் சொல்லியிருக்கிறாள். நீங்கள் அங்கே பட்டினி கிடந்தால் செங்கொடி இங்கே முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். ஆகையால் சாப்பிடுங்கள்.

பேத்திக்கு மூன்றாவது தவணைத் தடுப்பூசியும் முடிந்தது. செங்கொடிக்கு மாத்திரையை நான்தான் கொடுக்கிறேன். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் விடமாட்டேன். "நான் என்ன சின்னப் புள்ளயா அத்த?" என்கிறாள். ஈரல் பழைய நிலைக்கு வந்துவிட்டதாம். ஆனால் கிருமி போகாதாம், ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பார்த்துக்கொள்வோம். சர்க்கரை வியாதிக்காரர்கள் இல்லையா?

பக்கத்துக் கடை அம்மா குழந்தையைப் பார்க்க வந்தாள். வந்தவள் சும்மா இராமல், "சீக்காளி பாலக் குடுக்கியளே, டப்பாப் பால் வாங்கப்படாதா?" என்றாள். நான் பதில் சொல்லும் முன்னால் ராமசெல்வி அடுக்களையிலிருந்து வந்து, "எக்கா, டாக்டரு குடுக்கலாம்னு சொல்லியாச்சு. ஒங்களுக்கு எப்பம் டாக்டர் பட்டம் குடுத்தாவ?" என்று கேட்டுவிட்டாள். என் பேரனின் தட்டை முதலில் ஒளித்து வைத்தவள் ராமசெல்விதான். அதை இப்போது சொன்னால் சண்டைக்கு வருவாள்.

குழந்தைக்குப் பரிசோதனை ஒரு வயது நெருங்கும்போதுதானாம். அதற்கு முன் பார்த்தால் சரியாகத் தெரியாதாம். அதுவரை எப்படிப் பொறுப்பது? அவள் கண்ணை நான் தினமும் வெயிலில் பிடித்துப் பார்க்கிறேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது. மறுநாள் மறுபடி பார்க்கிறேன்.

தங்கச்சி
தங்கபுஷ்பம்


வியாசர்பாடி
16 நவம்பர் 2025

தங்கச்சி தங்கபுஷ்பத்துக்கு,

உங்கள் ஊரில் சொந்தக்காரர் கல்யாண வேலையாக இருப்பீர்கள். விஷயத்தை ஜெயவேல் போனில் சொல்லியிருப்பான். இருந்தாலும் நான் என் பங்குக்குச் சொல்ல வேண்டும்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். எழுந்து என் காதுப் பக்கம் வந்தார். இப்போது அவருக்கே பழகிவிட்டது.

"குழந்தைக்கு இல்ல தாத்தா! ஒண்ணும் இல்ல. தடுப்பு சக்தியும் நல்லா வந்திருக்கு."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க மேடம்."

"கேக்கலயா?"

"கேட்டுச்சு. இன்னொரு வாட்டி கேக்கணும்."

அவர் இன்னொரு முறை கத்தினார். பேத்தி அந்தச் சத்தத்துக்கு மிரண்டு அழ, செங்கொடி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தைப் பிள்ளையின் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று நினைத்தேன். இருந்திருந்தால் டாக்டரம்மாவை மூன்றாம் முறையும் சொல்ல வைத்திருப்பீர்கள்.

அதன் பிறகு அவர் ஒன்று கேட்டார். "இது அம்மா வழியில வந்திருக்கு. உங்க மாமியாருக்கு வேற பிள்ளைங்க இருக்காங்களா? இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க. நேரத்துல பார்த்தா ஈரலக் காப்பாத்திடலாம். அவங்களுக்குப் பெண் பிள்ளைங்க இருந்தா அவங்களையும் பார்க்கணும்."

நான் வருஷவாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். என் மாமியார் பட்டம்மா, இந்திரா அம்மையாரைச் சுட்ட வருஷம் வயிறு வீங்கிச் செத்தார். செய்வினை என்று சொல்லி எலுமிச்சம்பழம் தோண்டி எடுத்தார்கள். சொக்கம்மாள் கதை உங்களுக்குத் தெரியும். அவள் தம்பி எத்திராஜ், வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ ரயில் வந்த வருஷம் அதே வயிற்றோடு போனான். அவன் குடிப்பான். அதனால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தாய்க்குச் செய்வினை, மகளுக்குத் திருட்டுக் குடி, மகனுக்கு நிஜக் குடி என்று மூன்று சாவுக்கும் மூன்று காரணம் வைத்திருந்தோம். ஒரே கிருமி.

இன்னொருத்தி இருக்கிறாள். சொக்கம்மாளுக்கு அடுத்துப் பிறந்தவள். அவளைப் பற்றி உங்களிடம் நான் இதுவரை பேசியதில்லை. செங்கொடியிடமும் பேசமாட்டேன். சொக்கம்மாளைக் கிடத்தியிருந்த இடத்தில், அத்தனை ஜனத்துக்கு முன்னால் அவள்தான் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "உன் ஹார்பர் சகவாசந்தான்யா எங்கக்காவக் குடிக்க வெச்சுது. எனக்குத் தெரியாதா?" என்றாள். துக்கத்தில் சொன்னாள். யாராவது ஒருவர் மேல் பழியைப் போடாமல் அவளால் அந்த உடம்பைப் பார்க்க முடியவில்லை. ஆனால் சொந்தத் தங்கச்சியே சொன்னாள் என்றதும் ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அன்றோடு அவள் வாசலை நான் மிதித்ததில்லை. போன வருஷம் டாக்டரம்மா என் காதில் கத்தியபோது, முதலில் அவள் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அவள் வாசலில் நின்று, "கேட்டுக்கோ, உங்கக்கா குடிக்கல" என்று கத்த வேண்டும் போல இருந்தது.

இப்போது அந்தக் கோபம் இல்லை. அவளுக்கு இரண்டு பெண்கள். சின்னவளுக்கு இந்த ஆவணியில்தான் கல்யாணம் ஆனதாகக் கேள்வி. அந்தப் பெண் வயிற்றில் ஒன்று தங்குவதற்கு முன்னால் நாம் போக வேண்டும்.

நான் போய் நின்றால் கதவைச் சாத்துவாள். நீங்கள் நின்றால் யாரோ எவரோ என்றாவது திறப்பாள். கல்யாணம் முடிந்து வந்ததும் ஒரு நாள் என்னோடு வாருங்கள். கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். தட்டைத் தனியாக வைத்ததிலிருந்து அந்தக் கசப்பு மருந்து வரைக்கும் நடந்ததை நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வாயால் கேட்டால் அவளுக்குப் பயம் வராது. நியாயம் கேட்க நான் வரவில்லை, ரத்தம் கொடுக்க மட்டும் அவள் வந்தால் போதும்.

இத்தனை வருஷம் உன் வாயில் வராத பேர், எழுதத்தான் வேண்டுமா என்று சிலுவையம்மாள் கேட்கிறாள். எழுது என்றேன். பட்டம்மா போய்விட்டார். எத்திராஜ் போய்விட்டான். என் சொக்கு போய்விட்டாள். அந்த வயிற்றில் பிறந்து இன்னும் உயிரோடு இருப்பது மீஞ்சூர் பூங்காவனம்.